ஷெல் ஸ்கிரிப்ட் லூப்பில் சின்டாக்ஸ் எரர்: காட்டும் வரியிலிருந்து மேலே தேடுங்கள்

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் லினக்ஸ் வகுப்பில் சேருகிறவர்கள் முதல் இரண்டு வாரம், நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் 'ஷெல்' என்ற நிரலில் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பழகுகிறார்கள். அதுவரை பெரிய தடை எதுவும் வருவதில்லை. மூன்றாம் வாரம், கட்டளைகளை ஒரு கோப்பில் (ஸ்கிரிப்ட்) தொகுத்து, அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் எழுதத் தொடங்கியதும்தான், இலக்கணப் பிழை என்று பொருள்படும் 'சின்டாக்ஸ் எரர்' என்ற வரி ஒவ்வொரு திரையிலும் தலைகாட்டுகிறது. அதைக் கண்டவுடன் பலர் செய்தியைப் படிக்காமலேயே கைக்கு வந்ததை மாற்றிப் பார்க்கிறார்கள்: ஓர் அரைப்புள்ளியைச் சேர்க்கிறார்கள், ஒரு வரியை நீக்குகிறார்கள், அடைப்புக்குறியின் வகையை மாற்றுகிறார்கள். சற்று நேரத்தில் முதலில் இருந்த ஒரு பிழையோடு இன்னும் இரண்டு சேர்ந்துவிடுகின்றன. செய்தி எதைச் சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு எங்கே தேட வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

கட்டளைச் சொற்களையும் பிழைச் செய்திகளையும் வகுப்பில் வாயால் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் அடிக்க வேண்டும். லூப்பை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் பாதிப் பிழைகள் காதிலேயே சிக்கிவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் சரியான வடிவம்

பிழையைப் பிடிக்க வேண்டுமானால், பிழையில்லாத லூப் எப்படி இருக்கும் என்பது மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

ஃபார் ஊர் இன் ராயபுரம் கொருக்குப்பேட்டை வியாசர்பாடி
டூ
    எக்கோ "$ஊர்"
டன்

'இன்' என்பதற்குப் பிறகு வருவது பட்டியல். பட்டியல் எங்கே முடிகிறது என்பதை ஷெல் இரண்டே வழிகளில் அறிகிறது: ஒன்று வரி முடிய வேண்டும், அல்லது அரைப்புள்ளி வர வேண்டும். அதன்பின் 'டூ' வேலையைத் திறக்கிறது, 'டன்' மூடுகிறது. 'வைல்', 'அன்டில்' என்று தொடங்கும் லூப்களில் பட்டியலுக்குப் பதிலாக ஒரு நிபந்தனை வரும். டூவும் டன்னும் அங்கும் இதே இடத்தில்தான் நிற்கும்.

இந்தச் சோடிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்ன், அல்கால் 68 என்ற மொழியின் சாயலில் இதன் இலக்கணத்தை அமைத்தார். அதனால்தான் 'இஃப்' என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்ட 'ஃபை' அதை மூடுகிறது. 'கேஸ்' என்பதைத் திருப்பிப் போட்ட 'ஈசாக்' அதை மூடுகிறது. அதே முறையில் 'டூ' என்பதைத் திருப்பினால் 'ஓடி' வரும். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்தை எட்டை அடிமானமாகக் கொண்ட (ஆக்டல்) எண்களில் காட்டும் நிரல் ஒன்று அந்தப் பெயரில் யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்ததால், 'டன்' வந்து சேர்ந்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'பாஷ்' என்ற ஷெல்லும் இதே இலக்கணத்தைத்தான் பின்பற்றுகிறது. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு 'ஃபை' என்ற சொல்லை யாரும் மறப்பதில்லை. ஆகவே இது வெறும் வரலாறு அல்ல, பாடத்தின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. மேலே உள்ள ராயபுரம், வியாசர்பாடி போன்ற மதிப்புகளைத் தமிழிலேயே அடிக்கலாம். அவை ஒழுங்காகத் திரையில் வரும். ஆனால் 'ஊர்' என்ற மாறியின் பெயரைத் தமிழில் அடிக்கக் கூடாது. மாறியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றை மட்டுமே பாஷ் ஏற்கும். எண் முதலெழுத்தாக வரவும் கூடாது. மீறினால் 'நாட் எ வேலிட் ஐடென்டிஃபையர்' என்று சொல்லி, அந்த லூப்பை ஓட்டாது. ஃபார் என்பதை அடுத்து வரும் பெயருக்கு முன்னால் டாலர் குறியைப் போட்டாலும் இதே செய்திதான் வரும். அங்கே பெயரை அறிமுகப்படுத்துகிறோம், அதன் மதிப்பைக் கேட்கவில்லை என்பதால் டாலர் குறிக்கு வேலையில்லை.

படி ஒன்று: செய்தியை முழுதாகப் படியுங்கள்

கணக்கு.எஸ்எச்: லைன் 28: சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் `டன்'

இதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன: கோப்பின் பெயர், வரி எண், எதிர்பாராமல் எதிர்ப்பட்ட சொல். அடுத்த வரியில் அந்த 28-ஆம் வரியையே பாஷ் அப்படியே எடுத்துக் காட்டும். புதியவர்கள் தவறுவது வரி எண்ணில்தான். 28-ஆம் வரியில் தவறு இருக்கிறது என்று இந்தச் செய்தி சொல்லவில்லை. 28-ஆம் வரிவரை படித்தபோது, அங்கே வரக்கூடாத ஒரு சொல் வந்தது என்றுதான் சொல்கிறது. அது ஏன் வரக்கூடாததாயிற்று என்பதற்கான காரணம் பெரும்பாலும் மேலே எங்கோ இருக்கும்.

காசிமேட்டில் ஓர் ஐஸ் கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கொண்டுவந்த ஸ்கிரிப்டை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஒவ்வொரு விசைப்படகுக்கும் அன்றன்று ஏற்றிய ஐஸ் பார்களின் கணக்கு தனித்தனிக் கோப்பாக இருக்கும். காலியாக இல்லாத கோப்புகளை மட்டும் பென்டிரைவுக்குப் படியெடுக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. மொத்தம் 31 வரிகள். மேலே கண்ட செய்திதான் வந்தது. 28-ஆம் வரியில் 'டன்' தேவையில்லை என்று கணினி சொல்வதாக நினைத்து அவர் அந்த வரியையே நீக்கிவிட்டார். கோப்பு 30 வரிகளாகக் குறைந்தது. மறுபடி ஓட்டியதும் இப்படி வந்தது:

கணக்கு.எஸ்எச்: லைன் 31: சின்டாக்ஸ் எரர்: அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்

"அண்ணா, 30 வரிதான் இருக்கு, 31-ஆவது வரியில தப்புன்னு சொல்லுதே?" என்று கேட்டார். மூடும் சொல்லை எதிர்பார்த்துக் கோப்பின் கடைசிவரை ஷெல் தேடியிருக்கிறது, கிடைக்காமல் கோப்பே முடிந்துவிட்டது, முடிந்த இடத்தைத்தான் 31 என்று சொல்கிறது என்று விளக்கினேன். நீக்கிய டன்னைத் திரும்பப் போட்டுவிட்டு, 28-ஆம் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே போகச் சொன்னேன். 19-ஆம் வரியில் இருந்தது இது:

இஃப் [ -எஸ் "$கோப்பு" ]
தென்
    சிபி "$கோப்பு" "$பென்டிரைவ்"

அதற்குக் கீழே எங்கும் ஃபை இல்லை. உள்ளே திறந்த இஃப் மூடப்படாதிருக்கும்போது வெளியே உள்ள லூப்பை மூட டன் வந்ததால்தான், அது எதிர்பாராத சொல்லாகிவிட்டது. 22-ஆம் வரியில் ஃபை என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஸ்கிரிப்ட் ஓடியது. பெட்டிக்குள் பெட்டி வைத்தால், உள்பெட்டியை மூடாமல் வெளிப்பெட்டியை மூட முடியாது. ஷெல் பார்ப்பதும் இந்த ஒழுங்கைத்தான்.

வரி எண்களோடு கோப்பைப் பார்க்க 'கேட் -என்' என்ற கட்டளை போதும். நானோ என்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் 'நானோ -எல்' என்று திறந்தால் இடப்பக்கம் எண்கள் தெரியும்.

படி இரண்டு: எந்தச் சொல்லில் நின்றது?

நின்ற சொல்லைக் கொண்டே காரணத்தை ஊகிக்கலாம். இதை நான் மிகவும் முக்கியமான படியாகக் கருதுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'டூ' என்ற சொல்லில் நின்றால், அதற்கு முன் இருக்கும் தொடக்கச் சொல்லை ஷெல் தொடக்கச் சொல்லாகவே அடையாளம் காணவில்லை என்று பொருள். கைப்பேசியிலோ வேர்டிலோ எழுதி ஒட்டும்போது வரியின் முதல் எழுத்து தானாகவே பேரெழுத்தாகிவிடும். பேரெழுத்தில் தொடங்கும் ஃபார், ஷெல்லுக்கு ஏதோ ஒரு நிரலின் பெயர், அவ்வளவுதான். 'வைல்' என்பதையும் சதுர அடைப்பையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினாலும் இதே நிலைதான். இரண்டு இடங்களிலும் டூ சரியாகவே இருக்கும். அதைத் தொட வேண்டாம்.

'டன்' என்ற சொல்லில் நின்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். உள்ளே இஃப் மூடப்படாதிருக்கலாம். அதை மேலே கண்டோம். வைல் லூப்பில் டூ விட்டுப்போயிருக்கலாம். அப்போது கீழே உள்ள கட்டளைகள் எல்லாவற்றையும் ஷெல் நிபந்தனையின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு போய், டன்னில் முட்டி நிற்கும். மூன்றாவது காரணம் பலரைத் திகைக்க வைப்பது: டூவுக்கும் டன்னுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதிருக்கலாம். 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்று ஒரு குறிப்பு வரியை மட்டும் ஹாஷ் குறியோடு எழுதி வைத்திருப்பார்கள். குறிப்பை ஷெல் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் அது வெற்று லூப்தான், வெற்று லூப்புக்கு இலக்கணத்தில் இடமில்லை. அந்த இடத்தில் ஒரு முக்காற்புள்ளியை மட்டும் தனியே போட்டு வையுங்கள். ஒன்றும் செய்யாமல் வெற்றியோடு முடியும் கட்டளை அது.

உங்கள் கட்டளைகளில் ஒன்றின் பெயரிலேயே, எடுத்துக்காட்டாக 'எக்கோ' என்பதிலேயே நின்றால், ஃபார் வரியைப் பாருங்கள்.

ஃபார் ஊர் இன் ராயபுரம் வியாசர்பாடி டூ
    எக்கோ "$ஊர்"
டன்

இங்கே டூவுக்கு முன் அரைப்புள்ளி இல்லை. ஆகவே ராயபுரம், வியாசர்பாடி ஆகியவற்றைப்போல டூவும் பட்டியலில் மூன்றாவது ஊராகச் சேர்ந்துவிட்டது. அடுத்த வரியில் உண்மையான டூவை எதிர்பார்த்த ஷெல், எக்கோவைக் கண்டு நிற்கிறது. கண்ணால் பார்த்தால் டூ இருப்பதுபோலவே தெரிவதால், இந்தப் பிழையில் பலர் நெடுநேரம் செலவிடுகிறார்கள்.

அரைப்புள்ளியிலேயே நின்றால், அது தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. டூவுக்கு முன் அரைப்புள்ளி வரலாம், டூவை ஒட்டிப் பின்னால் வரக்கூடாது. பின்னணியில் ஓடவிடும் உம்மைக்குறிக்குப் பிறகும் வரக்கூடாது; அந்தக் குறியே கட்டளையை முடித்துவிடுகிறது.

வளைந்த அடைப்புக்குறியில் நின்றால், கோப்பின் பெயரைப் பாருங்கள். ஒரே கோப்பை இரண்டு முறை பதிவிறக்கினால் உலாவி அதற்குப் 'பில் (1)' என்பதுபோலப் பெயர் வைத்துவிடுகிறது. அந்தப் பெயரை மேற்கோள்குறி இல்லாமல் பட்டியலில் எழுதினால், அடைப்புக்குறியை ஷெல் தன் இலக்கணக் குறியாகவே படிக்கும். பெயர் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் தீர்ந்தது.

கோப்பின் முடிவில் நின்றால் எங்கோ ஒன்று திறந்தே இருக்கிறது: ஒரு டன், ஒரு ஃபை, அல்லது ஒரு மேற்கோள்குறி. மேற்கோள்குறியாக இருந்தால் 'லுக்கிங் ஃபார் மேச்சிங்' என்ற சொற்களும் செய்தியில் வரும். அப்போது வரி எண்ணை அதிகம் நம்பாதீர்கள். நடுவில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனால், அதற்குக் கீழே மூடும் குறிகளெல்லாம் திறக்கும் குறிகளாகவும் திறக்கும் குறிகளெல்லாம் மூடும் குறிகளாகவும் மாறிவிடும். கடைசியில் துணையில்லாமல் நிற்கும் குறியைத்தான் ஷெல் குற்றம் சொல்லும். வண்ணம் காட்டும் எடிட்டரில் கோப்பைத் திறந்து, எந்த வரியிலிருந்து வண்ணங்கள் இடம்மாறத் தொடங்குகின்றன என்று மேலிருந்து பாருங்கள். வாட்ஸ்அப்பிலும் வேர்டிலும் இருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறிகளை ஷெல் மேற்கோளாகவே மதிப்பதில்லை. நேர்க்குறியில் திறந்து வளைகுறியில் மூடியிருந்தால், அது மூடப்படவே இல்லை.

படி மூன்று: ஓட்டாமல் சோதியுங்கள்

பாஷ் -என் கணக்கு.எஸ்எச்

இந்தக் கட்டளை ஸ்கிரிப்டை ஓட்டாது. இலக்கணத்தை மட்டும் படித்துப் பார்க்கும். லூப்புக்குள் கோப்புகளை அழிக்கும் கட்டளையோ பெயர் மாற்றும் கட்டளையோ இருந்தால், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஏனென்றால் பாஷ் ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து ஓட்டிக்கொண்டே போகிறது. இரண்டாவது லூப்பில் இலக்கணப் பிழை இருந்தால், முதல் லூப் தன் வேலையை முடித்த பிறகுதான் அது வெளிப்படும். பாதி வேலை நடந்த நிலையில் நின்ற ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால் இலக்கணம் சரி. பிழை வந்து, காரணமும் பிடிபடவில்லை என்றால், லூப்பின் உள்ளே இருப்பதையெல்லாம் தற்காலிகமாக எடுத்துவிட்டு முக்காற்புள்ளியை மட்டும் வைத்துச் சோதியுங்கள். வெற்றுக் கூடு சரியாக இருந்தால் பிழை உள்ளேதான் இருக்கிறது. பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வந்தால் அது தானாகவே அகப்படும். ஷெல்செக் என்ற கருவியையும், நிரல்களை நிறுவும் 'ஆப்ட்' கட்டளை வழியாக நிறுவிக்கொள்ளுங்கள். இஃப் எந்த வரியில் திறந்து மூடப்படவில்லை என்பதைப் பாஷைவிட அது தெளிவாகச் சொல்லும்.

படி நான்கு: கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

வரிக்கு வரி சரியாக இருந்தும் பிழை வருகிறதா? கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி ஆய்வகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ விண்டோஸில் அடித்து, பென்டிரைவில் எடுத்து வந்து லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் இங்கே மிகுதி. என் வகுப்புக்கு வரும் பிழைகளில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்துகளைப் போடுகிறது. லினக்ஸ் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறது. கூடுதலாக உள்ள எழுத்து 'டூ' என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அது டூவாகவே இல்லாமல் போகிறது. பிழைச் செய்தியில் டூவுக்கு அருகே ஒரு பின்சாய்கோடும் 'ஆர்' எழுத்தும் தெரிந்தால் காரணம் இதுதான். வேறெங்கும் தேட வேண்டாம்.

உறுதிசெய்ய 'கேட்' என்பதோடு பேரெழுத்து 'ஏ' விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். வரி முடிவில் டாலர் குறி மட்டும் இருந்தால் நல்லது. அதற்கு முன் கூரைக்குறியும் 'எம்' எழுத்தும் இருந்தால் விண்டோஸ் முடிவு. தமிழ் எழுத்துகள் இந்தக் காட்சியில் சிதறித் தெரியும். அதனால் கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம், பார்க்கும் முறைதான் அப்படி. 'டாஸ்2யுனிக்ஸ்' என்ற கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வரி முடிவுகள் எல்லாம் சீராகும். விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்கள் கீழ்ப்பட்டையில் 'சிஆர்எல்எஃப்' என்று இருப்பதை 'எல்எஃப்' என்று மாற்றிச் சேமித்தாலே போதும்.

படி ஐந்து: எந்த ஷெல்லில் ஓட்டுகிறீர்கள்?

இரட்டை அடைப்புக்குறிக்குள் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் ஃபார் லூப், சி மொழி படித்தவர்களுக்குப் பிடித்த வடிவம். பாஷில் அது ஓடும். ஆனால் 'எஸ்எச் கணக்கு.எஸ்எச்' என்று ஓட்டினால் உபுண்டுவில் 'பேட் ஃபார் லூப் வேரியபிள்' என்று நிற்கும். 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து உபுண்டுவில் 'எஸ்எச்' என்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய ஷெல். அதற்கு இந்த வடிவம் தெரியாது. எந்த ஷெல்லில் ஓட்ட வேண்டும் என்று குறிக்கும் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை, ஏனெனில் எஸ்எச் என்று பெயர் சொல்லி அழைத்தால் அந்த முதல் வரி வெறும் குறிப்பாகிவிடும். 'பாஷ் கணக்கு.எஸ்எச்' என்று ஓட்டுங்கள்.

படி ஆறு: இலக்கணம் சரி, ஓட்டம் தவறு

இலக்கணச் சோதனையில் தேறிய லூப் ஓடும்போது தடுக்கினால், முதலில் இடைவெளிகளைப் பாருங்கள்.

எண்=1
வைல் [ "$எண்" -எல்ஈ 5 ]
டூ
    எக்கோ "$எண்"
    எண்=$((எண்+1))
டன்

சதுர அடைப்பு என்பது குறியல்ல, அதுவே ஒரு கட்டளை. கட்டளைக்குப் பின் இடைவெளி கட்டாயம். ஒட்டி எழுதினால் '[1' என்ற பெயரில் ஒரு நிரலை ஷெல் தேடும், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும். சமக்குறிக்கு இரு பக்கமும் இதற்கு நேர்மாறு: அங்கே இடைவெளி விடவே கூடாது. விட்டால் மாறியின் பெயரைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, லூப் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் காண 'பாஷ் -எக்ஸ்' என்று ஓட்டுங்கள். நிறைவேற்றும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கூட்டல் குறியோடு அது முன்கூட்டியே அச்சிடும். முதலில் எழுதிய ஊர்ப் பட்டியலில் பழைய வண்ணாரப்பேட்டையையும் சேர்த்த ஒரு மாணவிக்குத் திரையில் இப்படி வந்தது:

+ எக்கோ பழைய
+ எக்கோ வண்ணாரப்பேட்டை

ஓர் ஊர் இரண்டாகிவிட்டதை அவரே கண்டுகொண்டு, பட்டியலில் அந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்து மறுபடி ஓட்டினார். இந்த முறை ஒரே வரிதான் வந்தது:

+ எக்கோ 'பழைய வண்ணாரப்பேட்டை'